ஏவுகணை இரவில் எழுந்த சிரிப்பு

அமெரிக்க அதிபர் கென்னடியின் குரலில் பேசிப் புகழ்பெற்ற மிமிக்ரி கலைஞர் வான் மீடரின் வீழ்ச்சியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் கென்னடி கொல்லப்பட்ட 1963 நவம்பருக்குப் போகும் வழியில் 1962 அக்டோபர் 22 குறுக்கே நிற்கிறது. அந்த இரவை இரண்டு வரியில் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அன்று திங்கட்கிழமை. மாலை ஏழு மணிக்கு கென்னடி தொலைக்காட்சியில் தோன்றினார். கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழும்புவதையும், தீவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை வளையம் போடப்போவதையும் அறிவித்தார். அதே இரவில்தான் நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், அதே கென்னடியின் குரலில் பேசி ஆட்களைச் சிரிக்கவைத்தார் 26 வயது மீடர். பாப் புக்கரும் ஏர்ல் டௌடும் உருவாக்கிய 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி' இசைத்தட்டு பதிவானது அப்போதுதான்.

நடிகர்களுக்குச் செய்தி தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த பார்வையாளர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது என்று அந்தப் பதிவில் பங்கேற்றவர்களே பின்னாளில் சொன்னார்கள். இன்று அந்தத் தட்டைச் சுழலவிட்டால் நம் காதில் விழுவது, நாடே உறைந்து போயிருந்த வேளையில் சேதி எட்டாத ஒரு சிறு கூட்டம் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு. அதில் ஒரு காட்சி: வெள்ளை மாளிகைக்கு வந்த உலகத் தலைவர்களிடம், யார் யாருக்கு என்ன சாண்ட்விச் வேண்டும் என்று சிக்கனக்கார கென்னடி கேட்டுக்கொண்டே வருகிறார். அந்த மேசையில் சோவியத் தலைவர் குருஷேவும் இருக்கிறார்! வெளியே நிஜமான கென்னடியும் நிஜமான குருஷேவும் அணுகுண்டுகளோடு எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

மீடரின் வித்தை என்னை மயக்குவதற்குக் காரணம் உண்டு. மிமிக்ரி செய்பவர்களில் பலர், பிடித்த குரலை ஊதிப் பெரிதாக்கிக் கேலிச்சித்திரமாக்கிவிடுவார்கள். மீடர் அப்படிச் செய்யவில்லை. அவர் பிறந்த மெய்ன் மாநிலம் பாஸ்டனுக்கு வடக்கே, அதே நியூ இங்கிலாந்து மண். 'ர்' ஒலியை விழுங்கும் அந்தப் பேச்சு அவர் காதுக்குப் பழகியது. பிள்ளைகளின் குளியல்தொட்டி பொம்மைகளை, எது யாருக்கு என்று கென்னடி பங்கு பிரிக்கும் காட்சியைக் கேளுங்கள். குரலில் சிரிப்பின் சாயலே இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பின் அதே மிடுக்கு. ரப்பர் அன்னம் மட்டும் தனக்கு என்று முடிக்கும்போது கூடம் அதிர்கிறது.

இதைத்தான் அதிபர் பதவிக்கே இழுக்கு என்றார்கள். ஐசனோவரின் பத்திரிகைச் செயலாளராக இருந்துவிட்டு ஏபிசி தொலைக்காட்சிக்குப் போன ஜேம்ஸ் ஹேகர்ட்டி அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர். பல இசைத்தட்டு நிறுவனங்கள் கதவைச் சாத்தின. அவர்கள் காத்தது பதவியின் கண்ணியத்தை அல்ல, தங்கள் நாற்காலியை என்பதே என் எண்ணம். துணிந்தவர் 'கேடன்ஸ்' என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய ஆர்ச்சி பிளையர் மட்டுமே.

அதே 1962 நவம்பரில் தட்டு கடைக்கு வந்தது. முதல் ஆறரை வாரம், வாரத்துக்குப் பத்து லட்சம் என்ற வேகத்தில் விற்றது. மொத்தம் 75 லட்சத்தைத் தொட்டது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. இழுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கென்னடியோ, பத்திரிகையாளர்கள் கேட்டபோது, அது தன்னைவிடத் தம்பி டெடியைப் போலத்தான் ஒலிக்கிறது என்றார். இன்னொரு முறை கட்சி விருந்தில் எழுந்தவர், மீடருக்கு இன்று வேறு வேலை இருந்ததால் தானே வந்துவிட்டதாகச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்.

(தொடரும்)