கிர்மிட்: கைநாட்டுக்கும் புரிதலுக்கும் இடையே

போஜ்புரியும் அவதியும் பேசிய உழைப்பாளர்கள், கடல் கடந்த கரும்புத் தோட்ட வேலைக்காகக் கைநாட்டு வைத்த தாளைக் 'கிர்மிட்' என்றனர். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் முதல் உயிரை இழந்தது. மெய்ம்மயக்கம் உயிரால் பிளவுண்டது. டகரத்துக்கு முன்னிருந்த மெல்லினம் உதிர்ந்தது. '-இயா' என்ற விகுதி சேர்ந்ததும் அத்தாளுக்குக் கட்டுப்பட்டவர் 'கிர்மிட்டியா' ஆனார். காந்தியும் தம் தன்வரலாற்றில் இச்சொல்லுக்கு விளக்கம் தருகிறார். ஓர் ஆவணத்தின் பெயர் அதில் கட்டுண்ட மனிதரின் பெயராகவே நிலைத்தது.

அத்தாள் ஒருவகையில் பாதுகாப்புக்காகவே பிறந்தது. அடிமை முறை ஒழிக்கப்பட்ட காலத்தில், 1834 நவம்பரில், 'அட்லஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரை மொரிஷியசுக்குக் கொண்டுசேர்த்தது. 1837ஆம் ஆண்டுச் சட்டம், செல்பவரும் முகவரும் அதிகாரி முன் தோன்ற வேண்டும், நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. ஏமாற்று, ஆள்கடத்தல் பற்றிய கண்டனங்களால் 1839இல் ஆள் அனுப்புவது தடைப்பட்டது. 1842இல் மொரிஷியசுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆள்சேர்ப்பவருக்கு உரிமம், மாவட்டப் பதிவு, மருத்துவச் சோதனை, துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலரின் மேற்பார்வை எனப் படிகள் பெருகின. முறைகேடு வெளிப்படும்போதெல்லாம் அரசு அளித்த மருந்து இன்னொரு படிவமே.

ஃபிஜி ஒப்பந்தம் இதற்கு நல்ல சான்று. ஐந்தாண்டுப் பணி, வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று அது விவரித்தது. ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் அச்சிடப்பட்டது. ஆயினும் வேலைக்கு வராமையும் அளந்து கொடுத்த பணியை முடிக்காமையும் அங்கே அபராதத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றங்கள் என்ற செய்தி அதில் இல்லை. மொழிபெயர்ப்பு கிடைத்தது, மொழிபெயர்க்கப்படாத சட்டமோ தோட்டத்தில் காத்திருந்தது.

1893இல் ஃபிஜிக்கு அனுப்பப்பட்ட தோதாராம் சனாட்யா, ஊர் திரும்பியபின் 1914இல் இந்தியில் தம் அனுபவ நூலை வெளியிட்டார். 'அர்காட்டி' எனப்பட்ட ஆள்சேர்ப்பவர், நீதிபதி எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று சொல்லப் பழக்கியதை அதில் பதிவுசெய்கிறார். அயல்நாட்டு வேலைக்கு அன்று அளிக்கப்பட்ட 'பயிற்சி' அவ்வளவே. சட்டம் கேட்டது சம்மதத்தை. அர்காட்டி ஒத்திகை பார்த்ததும் அதையே. எதற்குச் சம்மதிக்கிறோம் என்ற அறிவை இருவருமே கேட்கவில்லை.

இந்த ஓட்டையைத்தான் கோகலே 1912 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் சுட்டினார். தாங்கள் எந்தத் தண்டனைச் சட்டத்தின் கீழ் வாழப்போகிறோம் என்பது புறப்படுவோருக்கு விளக்கப்படுவதில்லை என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. அன்று அவரது தீர்மானம் தோற்றது. 1917இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது; 1920 ஜனவரி 1 அன்று ஃபிஜியின் எஞ்சிய ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. அதற்குள் பல நாடுகளுக்குமாக 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தாளில் கைநாட்டு வைத்துச் சென்றிருந்தனர்.

இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலும் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவிப் பெயர் தொடர்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவரது அனுமதி வேண்டும். 2014 முதல் அப்பதிவு இணையவழி நடைபெறுகிறது. இன்றைய பயணி பெரும் தோட்டச் சிறையில் அடைபடுபவர் அல்லர். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழை. எனினும், இங்கே ஓர் ஒப்பந்தம், இறங்கியதும் குறைந்த ஊதியத்துக்கு வேறோர் ஒப்பந்தம் என்ற புகார் இன்றும் ஒலிக்கிறது. அரசு ஆவணத்தைச் சரிபார்க்கிறது. அதை ஏந்திச் செல்பவர் அதை எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு 1837இலிருந்தே பின்தங்கி வருகிறது. 'கிர்மிட்' என்ற சொல்லில் உதிர்ந்துபோன ஒலிகளை மொழியியல் எளிதாக மீட்டுத்தரும். கைநாட்டு வைத்தவருக்கு எட்டாமல் போன பொருளை மீட்பது வரலாற்றாய்வின் கடமை; புறப்படும் முன்பே அதை எட்டச் செய்வது அரசின் கடமை.