முதல் தகவல் அறிக்கை முதல் தீர்ப்பு வரை: குற்ற வழக்கில் சட்டம் விதிக்கும் காலக்கெடுக்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். குற்ற வழக்கின் முக்கியக் கட்டங்களுக்குச் சட்டம் காலக்கெடு விதித்துள்ளது. அவற்றை அறியாதவர்கள், உரிய நாளில் கோர வேண்டிய உரிமையை இழக்க நேரிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. அத்தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

புகார்

கொலை, கொள்ளை போன்ற, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்துத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை ஏற்க மறுக்க இயலாது. மின்னணு முறையில் புகார் அளித்தவர் 3 நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசமாக வழங்கப்படும். பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துபூர்வமாக அனுப்பலாம்; அதன் பிறகும் தீர்வு இல்லையெனில் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

கைது

கைதுக்கான காரணத்தை அறியவும், வழக்குரைஞரைக் கலந்தாலோசிக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு இவ்விதிகள் பொருந்தாது.

60, 90 நாள்கள்

மாஜிஸ்திரேட் அனுமதிக்கும் போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்களைத் தாண்டக் கூடாது. எஞ்சிய நாள்களில் கைதானவர் நீதிமன்றக் காவலில் சிறையில் இருப்பார். மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டுகளும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க வழக்குகளில் 90 நாள்களுக்குள்ளும், மற்ற வழக்குகளில் 60 நாள்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை எனில், ஜாமீன் பெறுவது கைதானவரின் உரிமையாகும். முதன்முதலில் காவலுக்கு அனுப்பிய நாளிலிருந்து இக்கெடு கணக்கிடப்படும்.

இந்த ஜாமீன் தானாகக் கிடைப்பதில்லை. கெடு முடிந்ததும் மனு செய்ய வேண்டும். மனு செய்வதற்கு முன்பே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இந்த உரிமை இல்லாமல் போகும். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட வழக்குகளில் இக்கெடுவை 180 நாள்கள் வரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

விசாரணையும் தீர்ப்பும்

கடுமையான குற்றங்களை அமர்வு நீதிமன்றம் விசாரிக்கிறது. குற்றச்சாட்டு பதிவு, சாட்சி விசாரணை, இரு தரப்பு வாதம் என வழக்கு நகரும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது. அமர்வு நீதிமன்றத்தில் வாதம் முடிந்த 30 நாள்களுக்குள் தீர்ப்பு வழங்கப்பட வேண்டும். காரணம் பதிவு செய்து இதை 45 நாள்கள் வரை நீட்டிக்கலாம். தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே நிறைவேற்ற முடியும்.

நீண்ட நாள் சிறையில் இருப்போர்

முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அக்குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீனில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு இது பாதிக் காலமாகும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளோருக்கும் இச்சலுகை இல்லை. இதற்கான விண்ணப்பத்தை நீதிமன்றத்தில் அளிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

காவலில் உள்ள எவரும், வருமான வரம்பின்றி, இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். இதற்கு சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.