குருதி கூறும் குலக்கதை

தந்தை தேடிய நிலம் மகனைச் சேர்வதும், தாய் காத்த அணிகலன் மகளைச் சேர்வதும் உலக வழக்கு. கண்ணுக்குப் புலனாகாத சொத்தும் ஒன்று உண்டு. நிறம், குரல், நடை ஆகியவற்றோடு சில நோய்களும் வழிவழியாக இறங்கி வருகின்றன. குளுவாங், சிகாமட், மூவார் என ஜொகூர் மாநிலத்தின் தோட்டப்புறங்களில் வாழ்ந்து, பின்னர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் 'இனிப்பு நீர்' என்னும் சொல்லைக் கேளாத இல்லம் அரிது. மலாய் மக்கள் 'கென்சிங் மானிஸ்' என்பதும் இதனையே. தாத்தாவுக்கு வந்தது, தந்தைக்கும் வந்தது, இனிப் பிள்ளைக்கும் வரும் என்று கூறி, அதனை விதியென ஏற்று அமைவாரும் உளர். ஆயினும், நீரிழிவு என்னும் ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய மனிதன் மேற்கொண்ட முயற்சி நெடியதொரு வரலாறாகும்.

அவ்வரலாற்றின் முதல் ஏடு பாரத நாட்டிலேயே எழுதப்பட்டது. பண்டைய மருத்துவ ஆசான் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், இந்நோயை இருவகையாகப் பகுக்கிறது. தாய் தந்தையரின் வித்திலுள்ள குறையால் பிறவியிலேயே அமைவது ஒன்று; தகாத உணவாலும் ஒழுக்கத்தாலும் பின்னர் வந்து சேர்வது மற்றொன்று. நுண்ணோக்காடியும் ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில், குலவழி வருவதையும் பழக்கத்தால் வருவதையும் வேறுபடுத்திக் கண்ட அக்கூர்மை வியப்புக்குரியது. நோயின் முதற்காரணத்தை நாடிய பின்னரே மருந்து தேட வேண்டும் என்ற வள்ளுவப் பெருந்தகையின் நெறியும் இதனையே வலியுறுத்துகிறது.

நெடுங்காலம் கழிந்தது. 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில், 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற இளைஞர் பலர் மீண்டனர். 1936-இல் இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வர்த், இன்சுலினுக்கு நன்கு இணங்கும் உடல், இணங்காத உடல் என நோயாளரை இரு பிரிவாக்கினார். நாளடைவில், இளமையில் வரும் நோய்க்கு ஊசி, முதுமையில் வரும் நோய்க்கு மாத்திரை என்ற எண்ணம் மருத்துவமனைகளில் வேரூன்றிற்று. பெரும்பாலோர்க்கு அது பொருந்தியது. ஆனால் அவ்வரையறைக்குள் அடங்காத ஒரு சிறு கூட்டம் இருந்தது.

அக்கூட்டத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஆங்கில மருத்துவர் ராபர்ட் டாட்டர்சால். 1974-இல் அவர் மூன்று குடும்பங்களின் கதையை வெளியிட்டார். அக்குடும்பத்தார் இளமையிலேயே நோயுற்றும், இன்சுலினைச் சாராது பல்லாண்டு வாழ்ந்தனர். பெற்றோர், பிள்ளை, பேரன் என ஒரு தலைமுறையும் தவறாமல் நோய் நேர்க்கோடாக இறங்கியது. பெற்றோருள் ஒருவர்க்கு அக்குறை இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது சேர்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் ஸ்டெஃபான் ஃபாயன்ஸ் என்னும் அறிஞரும் இத்தகைய பெருங்குடும்பம் ஒன்றை 1958 முதல் ஆராய்ந்து வந்தார். 1975-இல் இருவரும் இணைந்து 'மோடி' என்ற சுருக்கப் பெயரை நிலைநிறுத்தினர். முதியோர் நோயின் சாயலில் இளையோரிடம் தோன்றும் நீரிழிவு என்பது அதன் பொருள்.

தமிழகமும் இவ்வாய்வில் பின்தங்கவில்லை. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய பேராசிரியர் மு. விசுவநாதன், பின்னர் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். அவர்தம் மைந்தர் மருத்துவர் வி. மோகன், மருத்துவர் அ. இராமச்சந்திரன் முதலியோரும் அவருமாகச் சேர்ந்து, இந்தியரிடையே 'மோடி' வகை மிகுதியாகக் காணப்படுகிறது என 1985-இல் ஆய்வுரை வெளியிட்டனர். அந்நாளில் வயது, குடும்ப வரலாறு, இன்சுலின் தேவை ஆகியவையே அளவுகோல்களாக இருந்தன. மரபணுவைப் படிக்கும் வழி அப்போது திறக்கவில்லை.

இனி, குருதி எவ்வாறு சான்று பகர்கிறது எனக் காண்போம். முதற்சான்று எதிர்ப்பொருள். கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே பகையென எண்ணித் தாக்குவதால் வருவது முதல் வகை நீரிழிவு. அத்தாக்குதலின் தடயமான எதிர்ப்பொருள்களை 1974-இல் இலண்டனில் போட்டாசோ குழுவினர் கண்டறிந்தனர். 'மோடி' நோயாளரிடம் பொதுவாக அத்தடயம் இராது. இரண்டாம் சான்று சி-பெப்டைடு. கணையம் இன்சுலினை ஆக்கும்போது உடன் வெளிப்படும் துணைப்பொருள் இது. முதல் வகையினர்க்கு ஆண்டுகள் செல்லச் செல்ல இது மறைந்துபோகும். நோய் கண்டு 3 முதல் 5 ஆண்டுகள் கழிந்தும் ஓர் இளைஞரிடம் இது போதிய அளவில் இருப்பின், மருத்துவர் மறுமுறை சிந்திக்க வேண்டும்.

மூன்றாம் சான்று மரபணு. 1992-இல் குளுக்கோகைனேஸ் என்னும் நொதியின் மரபணுப் பழுது 'மோடி'க்கு ஒரு காரணமெனத் தெரியவந்தது. 1996-இல் சிகாகோவின் கிரேம் பெல் குழுவினர் எச்.என்.எஃப். 1 ஆல்பா, 4 ஆல்பா என்னும் இரு மரபணுக்களை இனங்கண்டனர். எனினும் மரபணுச் சோதனை செலவு மிக்கது. ஐயப்படுவோர் அனைவர்க்கும் செய்ய இயலாது. ஆகவே எளியதொரு சல்லடை தேவைப்பட்டது.

அச்சல்லடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. எச்.என்.எஃப். 1 ஆல்பா கணையத்தில் மட்டுமன்றி ஈரலிலும் பணிபுரிகிறது. உடலில் அழற்சி உண்டாகும்போது ஈரல் சுரக்கும் சி-எதிர்வினைப் புரதத்தின் அளவும் அதன் ஆணைக்கு உட்பட்டது. மரபணு பழுதுற்றால் அப்புரதம் மிகக் குறைந்துவிடும். நுண்ணளவைச் சோதனையில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இவ்வளவு ஏறிவிடும் என்பதால், நலமான நாளில் அளப்பதே முறை. இச்சோதனை தானே தீர்ப்புக் கூறுவதன்று. யாரை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் எனச் சுட்டும் கைகாட்டி மரமே ஆகும்.

இத்துணை முயற்சி எதற்கு என்று வினவலாம். எச்.என்.எஃப். 1 ஆல்பா பழுதுற்றோர், சல்போனைல்யூரியா என்னும் மலிவான பழைய மாத்திரைக்குப் பிறரினும் மிக நன்றாக இணங்குவதை, 2003-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகர அறிஞர்களான பியர்சன், ஹாட்டர்ஸ்லி குழுவினர் மெய்ப்பித்தனர். முதல் வகை எனத் தவறாக எண்ணப்பட்டு நாள்தோறும் ஊசி ஏற்றவர்களுள் பலர், மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரைக்கு மாற முடிந்தது. குளுக்கோகைனேஸ் பழுதுற்றோர்க்கோ, பேறுகாலம் நீங்கலாகப் பெரும்பாலும் மருந்தே வேண்டுவதில்லை. நோயின் பெயர் மாறினால் வாழ்வின் பாதையே மாறுகிறது.

எனினும் அவசர முடிவு ஆகாது. இந்திய வழித்தோன்றல்களுக்குச் சாதாரண இரண்டாம் வகை நோயே இளமையில் வரக்கூடும். குடும்பத்தில் பலர்க்கும் இருக்கக்கூடும். மோகன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட விரிவான மரபணு ஆய்வில், 'மோடி' எனக் கருதப்பட்டோருள் பெரும்பாலாரிடம் அறியப்பட்ட பழுது எதுவும் காணப்படவில்லை. கண்டறியப்பட்டவற்றுள் எச்.என்.எஃப். 1 ஆல்பா முதலிடம் பெற்றது. என்.கே.எக்ஸ். 6-1 என்னும் புதியதொரு மரபணுவும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. ஆகவே, தாமாகவே ஊசியை நிறுத்துவது உயிருக்கே உலை வைப்பதாகும்.

இவ்வரலாற்றில் ஆய்வுக்கூடத்துக்கு முந்தியது குடும்பத்தின் நாவே. டாட்டர்சாலுக்கும் ஃபாயன்சுக்கும் வழி காட்டியவை முதலில் குலமுறை வரைபடங்கள். யாருக்கு, எந்த வயதில், எத்தகைய நோய் வந்தது என்று வீட்டு முதியோர் சொன்னதிலிருந்தே அவை பிறந்தன. ஆனால் நம் சமுதாயத்தில் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்றஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்து மறைந்த பாட்டன் பாட்டியரின் நோய்க்குறிப்பு எந்த ஏட்டிலும் பதிவாகாமல், பிள்ளைகளின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. அந்நினைவும் அழிந்தால் மருத்துவர்க்கு முதற்பக்கமே கிழிந்த நூல்தான் கிடைக்கும். மறைத்த நோய் பேரப்பிள்ளையின் உடலில் வெளிப்படும். சொன்ன நோயோ அப்பிள்ளைக்கு உரிய மருந்தைத் தேடித் தரும். குருதி தன் கதையைக் கூறும் முன், குடும்பம் தன் கதையைக் கூறட்டும்.