இதயத் திறனிழப்பும் சிறுநீரகமும்: வாரன் – ஸ்டெட் ஆய்வுக்கட்டுரை (1944)

வாரன் – ஸ்டெட் ஆய்வுக்கட்டுரை என்பது நாட்பட்ட இதயத் திறனிழப்பில் உடலில் நீர் கோத்து வீக்கம் உண்டாவதன் காரணத்தை ஆராய்ந்து 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மருத்துவக் கட்டுரையாகும். இதனை எழுதியவர்கள் ஜேம்ஸ் வி. வாரன், யூஜின் ஏ. ஸ்டெட் ஆகிய மருத்துவர்கள். இதய நோயாளியின் கால் வீக்கத்திற்குச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கி வைப்பதே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிட்டது.

பின்னணி

இதய நோயால் உடல் வீங்குவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் 1785-இல் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி எழுதிய நூலில், அம்மருந்தால் நோயாளிகளுக்குச் சிறுநீர் மிகுதியாகப் பிரிந்து வீக்கம் வடிந்ததைப் பதிவு செய்துள்ளார்.

வீக்கம் எப்படி உண்டாகிறது என்பதில் இரண்டு கருத்துகள் நிலவின. 1832-இல் ஜேம்ஸ் ஹோப் முன்வைத்த கருத்து 'பின்னோக்கிய திறனிழப்பு' எனப்பட்டது. வாய்க்கால் அடைபட்டால் அதற்கு மேல்பக்கம் நீர் தேங்குவதுபோல, வலுவிழந்த இதயத்திற்குப் பின்னால் உள்ள சிரைகளில் குருதி தேங்குகிறது. அங்கு அழுத்தம் உயர்ந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது என்பது இதன் சாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்கன்சி இதற்கு மாறாக 'முன்னோக்கிய திறனிழப்பு' என்ற கருத்தை வலியுறுத்தினார். இதயம் உறுப்புகளுக்குப் போதிய குருதியை அனுப்ப இயலாமையே கோளாறின் வேர் என்பது அவர் நிலைப்பாடு. இவற்றுள் எது சரி என்பதை முடிவு செய்யத் தேவையான அளவீட்டு முறைகள் அக்காலத்தில் இல்லை.

ஆய்வு

1908-இல் ஜார்ஜியா மாநிலத்தின் டிக்கேட்டர் நகரில் பிறந்த ஸ்டெட், 1942-இல் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைத் தலைவரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவரும் வாரனும் கிரேடி மருத்துவமனையில், காயம்பட்டோருக்கு ஏற்படும் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்து வந்தனர். சிரை வழியாக இதயத்திற்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளவிடும் புதிய முறை அதற்குப் பயன்பட்டது. 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் உடலிலேயே செய்து காட்டிய இம்முறையை, ஆந்த்ரே கூர்னாண்டும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் வளர்த்தெடுத்தனர். இம்மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீக்கத்தைப் பொறுத்தவரை வாரனும் ஸ்டெட்டும் எழுப்பிய கேள்வி எளியது: எது முதலில் நிகழ்கிறது? பின்னோக்கிய கருத்து சரியெனில், முதலில் சிரை அழுத்தம் உயர வேண்டும். பிறகே நீர் கோக்க வேண்டும். ஆனால் வீக்கம் வடிந்திருந்த நோயாளிகளுக்கு உப்புக் கொடுத்துக் கவனித்தபோது, முதலில் உடல் எடை கூடியது. சிரை அழுத்தம் அதன் பின்னரே உயர்ந்தது. ஆகவே, இதயம் போதிய குருதியை அனுப்பாததால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது. குருதியின் பருமன் கூடுகிறது. அதன் விளைவாகவே சிரை அழுத்தம் உயர்கிறது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

மெரில் ஆய்வுகள்

இதே குழுவைச் சேர்ந்த ஆர்தர் மெரில் 1946-இல் இதற்கு எண்களால் வலுச் சேர்த்தார். நாட்பட்ட நோயாளிகளிடம் இதயம் வெளியேற்றும் குருதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியோ இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்கியிருந்தது. குருதி குறையும்போது உடல் அதை எல்லா உறுப்புகளுக்கும் சமமாகக் குறைப்பதில்லை, சிறுநீரகத்தின் பங்கையே மிகுதியாகக் குறைக்கிறது என்பது இதனால் தெரிந்தது. சிறுநீரகச் சிரைக் குருதியில் ரெனின் என்னும் பொருள் மிகுந்திருப்பதையும் அவரது குழு அதே ஆண்டில் வெளியிட்டது.

மறுப்பும் மறுபார்வையும்

சிரை அழுத்தத்திற்குப் பங்கே இல்லை என்று கூறிவிட முடியாது. எஃப். ஆர். விண்டன் 1931-லேயே, உடலிலிருந்து பிரித்தெடுத்த நாயின் சிறுநீரகத்தில் சிரை அழுத்தத்தை உயர்த்தினால் சிறுநீர் குறைவதைக் காட்டியிருந்தார். 2009-இல் வில்பிரிட் முல்லன்ஸ் குழுவினர் முற்றிய இதயத் திறனிழப்புடைய 145 நோயாளிகளை ஆராய்ந்தனர். சிறுநீரகச் செயல்பாடு மோசமடைந்தவர்களிடம் இதய வெளியேற்றக் குறைவைவிட உயர்ந்த சிரை அழுத்தமே தெளிவாகக் காணப்பட்டது. நீர்த்தேக்கத்தைச் சிறுநீரகம் தொடங்கி வைத்தாலும், அத்தேக்கம் திரும்பவும் சிறுநீரகத்தையே அழுத்துகிறது எனலாம். இரு கருத்துகளும் ஒரே சுழற்சியின் இரு பாதிகள் என்று இன்று கொள்ளப்படுகிறது.

மருத்துவத்தில் தாக்கம்

உணவில் உப்பைக் குறைப்பதற்கும், 1950-களின் இறுதியில் வந்த தயசைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கிகளுக்கும் இவ்வாய்வுகள் அறிவியல் அடிப்படை தந்தன. ரெனினால் தூண்டப்படும் தொடரைத் தடுக்கும் எனாலபிரில் மருந்து, 1987-இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில் 253 கடும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஆறு மாத இறப்பு 44 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தது. 2019-இல் வெளியான டாபா-எச்எஃப் ஆய்வில், சிறுநீரகத்தில் செயல்பட்டுச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மருந்து, நீரிழிவு இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன் தந்தது.

ஸ்டெட் 1947-இல் டியூக் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு 1965-இல் அமெரிக்காவின் முதல் மருத்துவ உதவியாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய அவர், 2005-இல் காலமானார்.