ஃபேமிகாம்: ஒரு சிறுவர் விளையாட்டுப் பெட்டியின் வரலாறு

ஃபேமிகாம் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் 1983 ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டு வீடியோ கேம் பெட்டியாகும். 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் முழுப்பெயரின் சுருக்கமே ஃபேமிகாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது 'நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரில் விற்கப்பட்டது. உலகம் முழுவதும் சுமார் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்பனையாயின. 2003 ஆம் ஆண்டு வரை, அதாவது இருபது ஆண்டுகள், ஜப்பானில் இதன் தயாரிப்பு நீடித்தது.

தமிழ்நாட்டில் 1990களில் பள்ளி சென்ற பலர் மரியோ, காண்ட்ரா, டேங்க், வாத்து சுடும் விளையாட்டு ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பர். அவர்கள் விளையாடியது பெரும்பாலும் இந்தப் பெட்டியின் நகல்களில்தான். விளையாட்டுகள் நினைவில் நின்ற அளவுக்கு, அவற்றை உருவாக்கியவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியவில்லை. பெட்டியின் வரலாற்றோடு, அந்தப் பெயர்கள் மறைந்துபோன காரணத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

பின்னணி

நின்டெண்டோ 1889 ஆம் ஆண்டு 'ஹனஃபுதா' எனப்படும் பூப்படச் சீட்டுகளைத் தயாரிக்கும் சிறு தொழிலாகத் தொடங்கியது. பிற்காலத்தில் பொம்மைகளுக்கும் மின்னணு விளையாட்டுகளுக்கும் மாறியது. 1980 ஆம் ஆண்டு குன்பெய் யோகோய் உருவாக்கிய 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி பெரும் வெற்றி பெற்றது. 1982 இல் வந்த அதன் டாங்கி காங் பதிப்பில், கூட்டல் குறி வடிவில் அமைந்த திசைப் பொத்தானை யோகோய் பயன்படுத்தினார். இன்றைய விளையாட்டுக் கருவிகள் பலவற்றில் காணப்படும் திசைப் பொத்தானுக்கு முன்னோடி அதுவே.

1981 இல், இளம் வடிவமைப்பாளரான ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்' காசு போட்டு ஆடும் கடைகளில் புகழ்பெற்றது. அதே ஆண்டு நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமௌச்சி, கேசட்டை மாற்றி மாற்றி விளையாடக்கூடிய, விலை குறைந்த வீட்டுப் பெட்டி ஒன்றைச் செய்யுமாறு பொறியாளர் மசாயுகி உஎமுராவிடம் கூறினார். உஎமுராவின் குழு உருவாக்கிய பெட்டி 14,800 யென் விலையில் வெளிவந்தது. டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய் ஆகிய மூன்றும் அதனுடன் முதலில் வந்த விளையாட்டுகள்.

தொடக்கம் சீராக இருக்கவில்லை. முதலில் விற்ற பெட்டிகளில் சில்லுக் குறைபாடு கண்டறியப்பட்டதால் அவை திரும்பப் பெறப்பட்டன. சதுர வடிவ ரப்பர் பொத்தான்கள் எளிதில் தேய்ந்து சிக்கிக்கொண்டதால், பின்னர் அவை வட்ட வடிவிலான கடின பிளாஸ்டிக் பொத்தான்களாக மாற்றப்பட்டன.

குறைந்த நினைவகம், கூடிய சிக்கனம்

பெட்டியின் செயலி ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்றைய கணினி முறைப்படி தமிழில் தட்டச்சு செய்தால், இக்கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அந்த இடத்தில் அடக்க முடியாது. திரையில் ஒரே நேரத்தில் 64 நகரும் சிறு படங்களைக் காட்டலாம். ஆனால் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் தெரியாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்மினுக்கென்று மறைந்து தோன்றியதற்குக் காரணம் இதுதான். எட்டுக்கு மேற்பட்டவற்றை நிரலாளர்கள் முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினர். அதைப் பழுது என்று நினைத்துத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டிய சிறுவர்கள் பலர்.

கேசட்டிலும் இடம் குறைவு. நான்கு கட்டங்கள் கொண்ட டாங்கி காங் வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது ஒரு கட்டம் விடுபட்டுப் போனது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே படத்தையே பயன்படுத்தினர். மேகத்துக்கு வெள்ளை நிறம், புதருக்குப் பச்சை நிறம், அவ்வளவுதான் வேறுபாடு.

புகழ்பெற்ற விளையாட்டுகள்

சூப்பர் மரியோ பிரதர்ஸ்: 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தனர். இசை கோஜி கொண்டோ. எட்டு உலகங்களில் 32 கட்டங்கள் உள்ளன. இதன் முதல் கட்டம் பாடம் நடத்தும் முறைக்கே ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஆட்டம் தொடங்கியவுடன் ஒரே ஒரு எதிரி மெதுவாக வருகிறது. ஒன்று குதிக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். அடுத்து வரும் கேள்விக்குறிப் பெட்டியைத் தலையால் இடித்தால் நாணயம் கிடைக்கிறது. அதற்கடுத்த பெட்டியிலிருந்து காளான் வெளிவந்து குழாயில் மோதி, விளையாடுபவரை நோக்கியே திரும்புகிறது. விலக நினைத்தாலும் பெரும்பாலும் அது மரியோ மேல் பட்டுவிடும். பட்டால் மரியோ வளர்கிறான். ஒரு சொல்கூட எழுதாமல் மூன்று பாடங்கள் முடிந்துவிடுகின்றன. எழுத்தறியாத சிறுவனும், ஆங்கிலம் தெரியாத ஊரும் இதை விளையாட முடிந்தது இதனால்தான்.

டக் ஹண்ட்: 1984 இல் வந்த வாத்து வேட்டை விளையாட்டு. துப்பாக்கியிலிருந்து ஒளி பாய்ந்து திரையைத் தாக்குவதாகப் பலர் எண்ணினர். உண்மை நேர்மாறானது. துப்பாக்கி ஒளியை உமிழ்வதில்லை, திரையிலிருந்து வரும் ஒளியை உணர்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முதலில் இருளையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும். மின்விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாமல் போனது அந்த இருள் கணத்தால்தான். படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிகளின் நேரக் கணக்கை நம்பி அமைந்ததால், இன்றைய தட்டைத் திரைகளில் அந்தத் துப்பாக்கி வேலை செய்வதில்லை.

தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: 1986 பிப்ரவரி 21 அன்று காந்தத் தட்டு வடிவில் வெளிவந்தது. கியோட்டோ அருகே சோனோபே என்னும் ஊரில் மியாமோட்டோ சிறுவனாகக் காடுகளிலும் குகைகளிலும் சுற்றித் திரிந்த அனுபவமே இதன் வித்து. ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் ஒரு ஒலிவாங்கி இருந்தது. அதில் கத்தினால் ஜெல்டாவில் வரும் நீண்ட காதுள்ள எதிரி ஒன்று மாண்டுவிடும். அமெரிக்கப் பெட்டியில் ஒலிவாங்கியே கிடையாது. ஆனால் அந்த எதிரிக்கு உரத்த ஒலி பிடிக்காது என்ற குறிப்பு மட்டும் கையேட்டில் தங்கிவிட்டது. அங்குள்ள சிறுவர்கள் குழம்பிப் போயினர்.

காண்ட்ரா: கொனாமி நிறுவனத்தின் 1988 ஆம் ஆண்டு வெளியீடு. இருவர் சேர்ந்து ஆடுவது. அமெரிக்கப் பதிப்பின் தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என அழுத்திவிட்டுத் தொடங்கினால் மூன்று உயிர்களுக்குப் பதில் முப்பது உயிர்கள் கிடைக்கும். 1986 இல் 'கிராடியஸ்' விளையாட்டைச் சோதிக்கையில், அது தமக்கே கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹாஷிமோட்டோ இந்த வரிசையைச் சேர்த்தார்.

பேட்டில் சிட்டி: நாம்கோ நிறுவனம் 1985 இல் வெளியிட்டது. நம் ஊர்ச் சிறுவர்கள் 'டேங்க்' என்று அழைத்தது இதையும் இதன் மாற்றுப் பதிப்புகளையும்தான். விளையாடுபவரே களத்தை வரைந்துகொள்ளும் வசதி இதில் இருந்தது.

இவை தவிர டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபேன்டசி, பாம்பர்மேன், எக்சைட்பைக், அட்வெஞ்சர் ஐலண்ட் முதலியனவும் பெயர்பெற்றவை.

அமெரிக்கச் சரிவும் மீட்சியும்

1983 இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரமற்ற விளையாட்டுகள் குவிந்து கடைகளில் தேங்கின. அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகார்டோவில் புதைத்தது. 2014 இல் அந்தக் குழி தோண்டப்பட்டு கேசட்டுகள் வெளியே எடுக்கப்பட்டன.

இந்த நிலையில் 1985 அக்டோபரில் நின்டெண்டோ நியூயார்க்கில் நுழைந்தது. 'வீடியோ கேம்' என்றாலே கடைக்காரர்கள் தயங்கியதால், 'ராப்' என்னும் பொம்மை ரோபோவைச் சேர்த்துப் பொம்மையாக விற்றனர். அனுமதியில்லாத கேசட்டுகளைத் தடுக்க ஒரு பூட்டுச் சில்லும் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. கேசட் முன்பக்கமாகச் செருகப்பட்ட அந்த வடிவத்தில் இணைப்பு ஊசிகள் எளிதில் தளர்ந்தன. தொடர்பு அறுந்ததும் பூட்டுச் சில்லு பெட்டியை மீண்டும் மீண்டும் அணைத்துத் தொடங்கும். கேசட்டை எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகும் வழக்கம் நம் ஊரிலும் இருந்தது. ஊதியதால் எந்தப் பயனும் இல்லை. கழற்றி மாட்டியதில் இணைப்பு சரியானது. எச்சில் ஈரம் செம்புத் தடங்களை அரிக்கவே செய்தது.

பள்ளியும் விளையாட்டும்

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. 'டிராகன் குவெஸ்ட் 3' வெளியான அன்று பள்ளிக்குப் போகாமல் கடை வாசலில் வரிசையில் நின்ற மாணவர்கள் பலரை ஜப்பானியக் காவலர்கள் பிடித்தனர். இதனால் வார நாட்களில் அவ்விளையாட்டை வெளியிடத் தடைச் சட்டம் வந்தது என்று சொல்லப்படுவது கட்டுக்கதை. ஹட்சன் நிறுவன ஊழியர் தோஷியுகி தகாஹாஷி, ஒரு நொடியில் பதினாறு முறை பொத்தானை அழுத்துபவர் என்று புகழ்பெற்றவர். அவரே சிறுவர்களிடம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் விளையாடினால் போதும் என்று சொல்லி வந்தார். விளையாட்டை விற்பவர் சொன்னதால் அந்த அறிவுரைக்குத் தனி மதிப்பு இருந்தது.

நகல் பெட்டிகள்

1990களில் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல் பெட்டிகள் உலகெங்கும் பரவின. ரஷ்யாவில் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்', இந்தியாவில் 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்றன. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் அசல் பெட்டியைப் பார்த்தவர் அரிது. கோடை விடுமுறையில் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கே கூடும். கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பத்து இருபதுதான் திரும்பத் திரும்ப வரும். கணக்கில் தேறாத மாணவனும் இந்தப் பொய்க் கணக்கை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

நகல் பெட்டிகள் செய்தது சட்டப்படி திருட்டு. ஆயினும் அவை இல்லாவிடில் ஏழை, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டுகள் எட்டியிருக்கா. இரண்டும் உண்மை.

மறைந்த பெயர்கள்

நகல் கேசட்டுகள் பலவற்றில் தொடக்கத் திரையிலிருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் நீக்கப்பட்டிருந்தன. அசல் விளையாட்டுகளிலும் நிலைமை அதிகம் மேலானதல்ல. திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளும் என்று அஞ்சி, ஜப்பானிய நிறுவனங்கள் பல தம் ஊழியர்களின் உண்மைப் பெயரை வெளியிடவில்லை. சூப்பர் மரியோ பிரதர்ஸில் பெயர்ப் பட்டியலே இல்லை. ஜெல்டாவின் முடிவில் மியாமோட்டோ 'மியாஹோன்' என்றும், கொண்டோ 'கோன்சான்' என்றும் புனைபெயரில் வருகின்றனர். இவர்கள் பிற்காலத்தில் புகழ்பெற்றதால் அடையாளம் தெரிந்தது. புனைபெயரோடு நின்றுவிட்ட பலரை இன்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

விளையாட்டுகளும் அழியும் நிலையில் உள்ளன. ஆட்டத்தைச் சேமித்து வைத்த கேசட்டுகளின் சிறு மின்கலங்கள் தீர்ந்து வருகின்றன. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த வீடியோ கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மறுபுறம், நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம் 2015 இல் தொடங்கிய புகழரங்கின் முதல் ஆறு விளையாட்டுகளுள் சூப்பர் மரியோ பிரதர்ஸும் ஒன்று. 2023 டிசம்பரில், 1989 ஆம் ஆண்டின் டெட்ரிஸ் கேசட்டை ஆடிய 13 வயது அமெரிக்கச் சிறுவன் 157 ஆம் நிலை வரை சென்று, நிரலே திணறி நிற்கும் இடத்தை முதன்முதலாக எட்டினான். அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளியான விளையாட்டு அது.

ஃபேமிகாமை உருவாக்கிய உஎமுரா ஓய்வுபெற்ற பின் கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு வீடியோ கேம் ஆய்வு மையத்தை வழிநடத்தி, பழைய பெட்டிகளையும் விளையாட்டுகளையும் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டார். 2021 டிசம்பரில் தமது 78 ஆவது வயதில் காலமானார். 1990களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் பரவிய நகல் பெட்டிகள் அனைத்துக்கும் மூலம், அவரது குழு வடிவமைத்த அந்த ஒரு பெட்டியே. பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய பொருளுக்குப் போடும் முன் கேசட்டின் பெயரையும் வாங்கிய ஆண்டையும் ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. நாளை யாரேனும் தேடும்போது அது பயன்படும்.