சங்கதி: ஒரு கதாநாயகி போதாது

பாமாவின் 'சங்கதி' (1994) நாவலில் ஒரு ஊர்ப் பஞ்சாயத்து வரும். பம்புசெட்டில் தண்ணீர் குடிக்கப் போன மாரியம்மாவை நிலக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். விஷயம் வெளியே வந்துவிடுமே என்று அவரே முந்திக்கொண்டு, மாரியம்மாவையும் மாணிக்கத்தையும் சேர்த்துப் பார்த்ததாகப் புகார் சொல்லிவிடுகிறார். தீர்ப்பு? மாணிக்கத்துக்கு 100 ரூபாய் அபராதம், மாரியம்மாவுக்கு 200. நிலக்காரருக்கு... ஒன்றுமில்லை!

வேறு ஒருவர் எழுதியிருந்தால் இதுவே முழு நாவலாகியிருக்கும். நாமும் 'உச்' கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம். பாமா அப்படி விடவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணி வருகிறாள். அடிக்கிற புருஷனைத் தெருவே கேட்கத் திட்டித் தீர்க்கும் ராக்கம்மா வருகிறாள். பேய் பிடித்தவர்கள், பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்பவர்கள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். பாவம் என்று நினைக்கப் போனால் அடுத்தவள் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவாள். 'தலித் பெண் என்றால் இப்படித்தான்' என்று முடிவு கட்டவே முடியாது. எனக்கு இந்த வகைக் கதைகள் பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

கொஞ்சம் வரலாறு. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989ல் வந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து வேகம் பிடித்தது. 1992ல் பாமா தன் கதையைக் 'கருக்கு' என்று எழுதினார். அடுத்த இரண்டே வருடத்தில் தெருப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு 'சங்கதி'யில் வந்தார், அதுவும் அவர்கள் பேசுகிற மொழியிலேயே.

அமெரிக்காவில் குளோரியா நெய்லர் 1982லேயே ஒரே தெருவில் வாழும் ஏழு கறுப்பினப் பெண்களின் கதைகளைக் கோத்து நாவலாக்கியிருந்தார். பிரிட்டனின் பெர்னார்டின் எவரிஸ்டோ 12 பேரின் வாழ்க்கையைப் பின்னி எழுதிய நாவலுக்கு 2019ல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். நெய்லருக்குத் தெரு, பாமாவுக்குச் சேரி. எங்கள் பக்கம் என்றால் அது லேடீஸ் ஹாஸ்டலாகத்தான் இருக்கும்.

ஆமாம், நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம். (பாமா பல வருடம் டீச்சராக இருந்ததும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் பக்கம்தான்.) மைக்கண்ணிகள் வளர்ந்து இப்போது கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக, பெண்கள் சென்னை–பெங்களூரு ஹைவேயையே மறித்தார்கள். ஊர் வேறு, சாதி வேறு, கடன் வேறு, காதல் வேறு. செய்தியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்: 'பெண் தொழிலாளர்கள்'.

அந்த விடுதிகளின் 'சங்கதி'யை நைட் ஷிப்டு முடிந்து வந்த யாராவது ஒருத்தி எழுதினால், முதல் பிரதி எனக்கு :-)