அணுக்கரு மருத்துவப் படிமமுறை: ஃப்ரிபூர்க் தந்த அடித்தளம்

எக்ஸ் கதிர் வெளியிலிருந்து ஊடுருவி உறுப்பின் வடிவத்தைக் காட்டும். அணுக்கரு மருத்துவத்தில் கதிர் உடலுக்குள்ளிருந்து வருகிறது. சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியாகவோ உணவில் கலந்தோ செலுத்தினால், அது எங்கே, எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்கிறது என்பதைக் காமா கேமரா பதிவு செய்யும். உறுப்பு வேலை செய்யும் விதம் அதில் தெரியும். இதன் வரலாறு பெரும்பாலும் கேமராவும், டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் மருத்துவப் பயன்பாடும் உருவான அமெரிக்க ஆய்வகங்களைச் சுற்றியே எழுதப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் கதிரை நுட்பமாக அளக்கவும், அது உயிரணுவை என்ன செய்யும் என்று கணிக்கவும் தெரியாமல் ஒரு நோயாளியின் உடலில் கதிரியக்கப் பொருளைச் செலுத்துவது முறையாகாது. அந்த இரண்டுக்கும் உழைத்தவர்கள் ஃப்ரிபூர்க்கில் இருந்தார்கள்.

1889இல் தொடங்கிய ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஆல்பர்ட் கோக்கெல், 1909 முதல் 1911 வரை பலூனில் ஏறி, கதிர் காற்றில் ஏற்படுத்தும் அயனியாக்கத்தை அளந்தார். சுமார் 4,500 மீட்டர் உயரத்திலும் அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அதற்குக் காரணம் விண்ணிலிருந்து வரும் கதிரே என்று 1912இல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் நிறுவினார். மனிதர்கள் எப்போதும் இயற்கைக் கதிரின் நடுவேதான் வாழ்கிறார்கள் என்ற அறிவு இத்தகைய அளவீடுகளால் வளர்ந்தது. பின்னர் 1937இல் ஃப்ரிபூர்க்குக்கு வந்தவர் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் டெஸ்ஸாவர். நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறி, இஸ்தான்புல்லில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1953 வரை ஃப்ரிபூர்க்கில் பேராசிரியராகப் பணியாற்றினார். கதிர் தன் ஆற்றலைச் சீராகப் பரப்புவதில்லை, தனித்தனித் தாக்குதல்களாக இறக்குகிறது, எந்த உயிரணு அடிபடும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது என்ற கருத்தை அவர் 1922இலேயே முன்வைத்திருந்தார். எக்ஸ் கதிர் ஆய்வில் பட்ட காயங்களுக்காகப் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். கதிரின் விலையை அவரைவிட நன்கு அறிந்தவர்கள் சிலரே.

இவர்கள் இருவரும் இதயத்தையோ இரைப்பையையோ படம்பிடித்தவர்கள் அல்லர். அப்படியானால் அவர்களுக்கு இங்கே என்ன இடம்? உடலுக்குள் கதிரைச் செலுத்தலாமா என்று இன்றும் எழும் முக்கியமான மறுப்புக்கான விடை அவர்கள் வகுத்த பாதையில்தான் இருக்கிறது. இதயத்தசைப் பரிசோதனை ஒன்றில் உடல் ஏற்கும் கதிர் 10 மில்லிசீவர்ட் அளவுக்கும் போகலாம். இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மட்டுமே. டெஸ்ஸாவரின் தர்க்கப்படி, குறைந்த கதிர் என்பதாலேயே தீங்கு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனவே கிடைக்கும் விடை அந்த விலைக்குத் தகுந்ததா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே கேட்க வேண்டும்.

பல நேரங்களில் தகுந்ததே. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதை சி.டி. காட்டும், அந்த அடைப்பால் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்பது வேறு கேள்வி. ஆறு மணி நேர அரைவாழ்வு கொண்ட டெக்னீசியம் அதற்கு விடை தரும். எம்.ஆர்.ஐ. கதிரில்லாமலே ரத்த ஓட்டத்தைக் காட்டுமே என்பது நியாயமான வாதம். வசதியும் தேர்ச்சியும் உள்ள இடத்தில், இளவயதினருக்கு அதையே முதலில் பார்க்கலாம். இரைப்பையில் நிலைமை வேறு. நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு ஓயாத வாந்தி, எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லை என்றால், டெக்னீசியம் கலந்த முட்டை வெள்ளைக்கருவை ரொட்டி, ஜாமுடன் கொடுத்துப் படமெடுப்பார்கள். நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் இரைப்பை மந்தமாகக் காலியாகிறது என்று பொருள். உண்ட உணவின் போக்கையே இவ்வளவு நேரடியாக அளக்கும் வழிகள் மிகக் குறைவு. இதற்கான கதிரும் இதயப் பரிசோதனையைவிட மிகக் குறைவு. இதயப் பரிசோதனையிலும் கதிரைக் குறைக்க வழி உண்டு: உழைப்பு நிலைப் படத்தை முதலில் எடுத்து, அது சீராக இருந்தால் ஓய்வு நிலைக்கான இரண்டாவது ஊசியை விட்டுவிடலாம்.